கண்டி அரசை அளந்த கோல்கள்

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக் அரசாங்கம் பற்றி எழுதிய இரு ஆய்வுரைகள் 1689 இல் வெளிவந்தன. கட்டுக்கடங்காத முடியாட்சி குடிகளை என்ன பாடுபடுத்தும் என்று காட்ட வேண்டிய இடம் வந்தபோது, அவர் வாசகரைப் பிரான்சுக்கோ துருக்கிக்கோ அனுப்பவில்லை. இலங்கை பற்றி அண்மையில் வந்திருக்கும் நூலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடர்ந்தார். அந்த நூல், றொபேட் நொக்ஸ் என்ற கப்பலோட்டி 1681 இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாறு. அதில் கொடுங்கோலனாக வருபவன் 1635 முதல் 1687 வரை கண்டியை ஆண்ட இரண்டாம் இராஜசிங்கன். ஐரோப்பிய அரசியல் சிந்தனையின் அடிப்படை நூல்களுள் ஒன்றில் கண்டி மலைநாடு இடம்பிடித்த விதம் இதுதான்.

பெருமைப்படுவதா வருந்துவதா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. லொக் எதை வைத்து அந்த மன்னனை அளந்தார்? நொக்ஸை வைத்து. நொக்ஸ் எதை வைத்து அளந்தார்? கண்டி மன்னர்களையும் அவர்களது அரசாட்சி முறையையும் ஆராய்வது முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு மரபு. சிறைப்பட்டவர், பிக்கு, உளவாளி, நீதிபதி, சமூகவியலாளர், மானிடவியலாளர் என ஒவ்வொருவரும் தத்தம் கோலோடு வந்திருக்கிறார்கள். மன்னனின் உயரத்தை எழுதிவைத்தவர்கள், தாம் பிடித்திருந்த கோலின் நீளத்தைப் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. அதைத் தேடி எடுப்பதே இத்துறையில் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

நொக்ஸ் 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டார். 1679 இல் தப்பினார். இடைப்பட்ட காலம் முழுவதும் கண்டிக் கிராமங்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்து வாங்கினார், வீடு கட்டினார், ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டார். அவருடைய நூலில் வயல் வேலை, கிராமச் சபை, கடன் வழக்கு, வழிக்காவல், முட்கதவு போட்ட கடவத்தைகள் பற்றி வரும் பகுதிகளுக்கு ஈடான சான்று அக்காலத்துக்கு வேறு கிடையாது. கண்டியின் எல்லைக் கடவத்தைகளில் கடவுச்சீட்டாகக் களிமண் முத்திரை காட்ட வேண்டியிருந்ததைக்கூட அவர் வழியாகவே அறிகிறோம். அரசவைக்கு அவர் நெருங்கியவர் அல்லர். மன்னனின் மனத்தில் என்ன ஓடியது, எந்தப் பிரதானி ஏன் தண்டிக்கப்பட்டான் என்பதெல்லாம் அவருக்கு ஊர் வாய் வழியாக வந்த செய்திகள். ஒரே நூலுக்குள் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் கலந்து கிடக்கின்றன. லொக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டாவது வகை.

அந்நூலிலேயே 1664 இல் நிலம்பையில் நடந்த கிளர்ச்சியின் கதை இருக்கிறது. அம்பன்வெல ராலை தலைமையில் கிளர்ந்தவர்கள் நள்ளிரவில் அரண்மனையைச் சூழ்ந்தார்கள்; மன்னன் மலைப்பக்கம் தப்பினான். கிளர்ச்சியாளர் செங்கடகல நகருக்குப் போய் அங்கிருந்த இளவரசனை அரசனாக்க முயன்றார்கள். சிறுவன் மிரண்டான்; அவனுடைய அத்தை அவனை எடுத்துக்கொண்டு தந்தையிடம் போய்ச் சேர்ந்தாள். பிடித்து வைக்க ஓர் இளவரசன் இல்லாமற் போனதும் சில நாட்களில் கிளர்ச்சி கலைந்தது. நொக்ஸ் இதைச் சொல்வது மன்னனின் கொடுமைக்குச் சான்றாக. நான் படிக்கும்போது வேறொன்று தெரிகிறது: மன்னனை வெறுத்தவர்களுக்கும் அரசமரபில் வந்த ஒருவன் இல்லாமல் அரசை நடத்தும் எண்ணம் வரவில்லை. ஆட்சியுரிமை பற்றி அந்தச் சமூகத்தில் ஒரு வரையறை இருந்தது. அந்த வரையறைக்குள்ளேதான் எதிர்ப்பும் நடந்தது. கட்டுக்கடங்காத அதிகாரம் என்று லொக் கண்ட இடத்தில், கட்டுகள் வேறு வடிவில் இருந்திருக்கின்றன.

பிக்குகளின் கோல் வேறு. சூளவம்சத்தின் பிற்பகுதி கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தில் திப்பட்டுவாவே புத்தரக்கித்த தேரரால் எழுதிச் சேர்க்கப்பட்டது. விகாரை கட்டினானா, சங்கத்தைத் தூய்மை செய்தானா, புத்தரின் புனிதப் பல்லான தலதாவுக்கு விழா எடுத்தானா என்பவையே அங்கே அரசனைப் பற்றிய கேள்விகள். வரி எவ்வளவு, படை எத்தனை என்பவை ஓரத்தில் வந்து போகும். 1753 இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து பிக்குகளின் உயர்நிலைத் தீட்சையான உபசம்பதாவை மீட்டுத் தந்த கீர்த்தி ஸ்ரீ அங்கே ஓங்கி நிற்கிறான். அவனுக்கு முன் சீதாவாக்கையில் ஆண்ட முதலாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரைக் கொழும்புக் கோட்டைக்குள் முடக்கியவன். தந்தையைக் கொன்று சைவம் தழுவியவன் என்பதால் அதே மரபில் அவன் இருளில் தள்ளப்படுகிறான். இதைச் சமயச் சார்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மன்னர்களே அந்தக் கோலை ஏற்றுக்கொண்டு அதற்குள் நின்று ஆண்டார்கள். பத்து இராஜ தர்மங்களும் அசோகனின் முன்மாதிரியும் அவர்கள் கண்முன் இருந்தன. நம் குறளின் இறைமாட்சியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த எதிர்பார்ப்பு புதிதன்று. ஆட்சிக்கலை என்பதில் அரசன் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட விரும்பினான் என்பதும் ஒரு பாதி.

இவற்றோடு சிங்களப் போர்ப்பாடல்களான ஹட்டன நூல்களையும் சேர்க்க வேண்டும். பறங்கி ஹட்டன, மஹா ஹட்டன, இங்கிரிசி ஹட்டன எனப் பல உண்டு. புகழ்ச்சி மிகுந்தவை, திரும்பத் திரும்ப வரும் வாய்பாடுகள் நிறைந்தவை. ஆனாலும் பகைவரை எப்படிப் பெயரிட்டார்கள், எந்த ஊர்ப் படை எங்கே நின்றது என்பவற்றுக்கு உதவும்.

ஆங்கிலேயர் வந்ததும் துறையின் சாயல் மாறியது. ஜோன் டொய்லி சிங்களம் கற்றவர். பிக்குகள், வணிகர்கள், மனத்தாங்கலுற்ற பிரதானிகள் வழியாகக் கண்டிக்குள் உளவு வலை விரித்தவர். 1810 முதல் 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, எந்த நாளில் எந்த ஊரிலிருந்து யார் என்ன செய்தி கொண்டுவந்தார் என்பதன் தொகுப்பு. 1815 க்குப் பின் கண்டியில் பிரித்தானிய வதிவிடப் பிரதிநிதியாக இருந்து 1824 இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற கண்டி இராச்சிய அரசியலமைப்பின் வரைவு, அதிகாரம் எனப்பட்ட இரு தலைமை அமைச்சர்கள், மாகாணத் தலைவர்களான திசாவைகள், ரட்டே ராலைகள், லேகம்கள், பண்டாரப் பொறுப்பாளர்கள், நீதி விசாரணை முறை எல்லாவற்றையும் அடுக்கடுக்காக விவரிக்கிறது. இன்றும் எவரும் கண்டி நிர்வாகம் பற்றி எழுதத் தொடங்கினால் அந்த வரைவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என் மாணவப் பருவத்தில் நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. டொய்லி எழுதியது, வென்றவர்கள் ஆளுவதற்காகத் தயாரித்த கையேடு. ஒவ்வொரு பதவிக்கும் தெளிவான எல்லை, ஒவ்வொரு குற்றத்துக்கும் தெளிவான நீதிமன்றம் என்று அதில் தெரிகிற ஒழுங்கு, கண்டிப் பிரதானிகள் கேள்விக்குப் பதில் சொன்னபோது பிறந்த ஒழுங்கு. நடைமுறையில் ஓர் அதிகாரத்தின் செல்வாக்கு அவனுடைய பதவியைவிட உறவுமுறையிலும், மன்னன் அவனை எவ்வளவு தூரத்தில் நிறுத்தினான் என்பதிலும் தங்கியிருந்தது. நாட்குறிப்பையும் வரைவையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்த வேறுபாடு கண்ணில் படும்: வரைவில் நிறுவனங்கள், நாட்குறிப்பில் மனிதர்கள். அதே எச்சரிக்கை சட்டநூல்களுக்கும் பொருந்தும். சோயர்ஸ், ஆர்மர் தொகுத்தவையும் நீதி நிகண்டுவும் கண்டிச் சட்டம் இன்றுவரை வழக்கில் இருப்பதற்குத் துணைநின்றவை. அவை எழுதப்பட்டது நீதிமன்றத்துக்காக. கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்த லோரி 1896 இலும் 1898 இலும் வெளியிட்ட மத்திய மாகாண ஊர்க் களஞ்சியம் மட்டும் தனி வகை. ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக, வழக்கேட்டிலும் செப்பேட்டிலும் கிடைத்ததையெல்லாம் அவர் கொட்டிவைத்திருக்கிறார். கோட்பாடு எதுவும் இல்லாததாலேயே அது இன்னும் கைகொடுக்கிறது.

அடுத்து வருவோர் இருவர். இருவருமே வரலாற்றுத் துறையினர் அல்லர். கொழும்பில் 1877 இல் சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிமவளத் துறையில் பணியாற்றியபடி கண்டிக் கைவினைஞர்களைத் தேடித் திரிந்தார். 1908 இல் வந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை நூல், பொன், தந்தம், மரம், துணி வேலைகளைப் பற்றியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அரசனின் பட்டறைகளான பட்டல் ஹத்தரவில் கைவினைஞன் எப்படிச் சேர்க்கப்பட்டான், அவனுக்கு எந்த நிலம் கிடைத்தது, பதிலாக அரண்மனைக்கு என்ன செய்து கொடுத்தான் என்று அவர் எழுதியிருப்பது சிறந்த அரசாட்சி ஆய்வு. தமிழர் ஒருவர் கண்டி அரசைப் புரிந்துகொள்ளத் திறந்துவைத்த இந்த வாசல் வழியாக நம்மில் மிகச் சிலரே உள்ளே போயிருக்கிறோம். மற்றவர் ஏ. எம். ஹோகார்ட். 1921 முதல் 1929 வரை தொல்லியல் ஆணையாளராக இருந்தவர், தலதா மாளிகை பற்றி 1931 இல் எழுதினார். மாளிகையில் யார் விளக்கேற்றுவது, யார் துணி வெளுப்பது, யார் மேளம் அடிப்பது என்ற பணிப் பகிர்விலிருந்து, அரசு என்பதே முதலில் ஒரு சடங்கு அமைப்பாகத் தோன்றியது என்ற கொள்கைக்குப் போனார். உலக மானிடவியலில் அரசமரபு பற்றிய விவாதங்களில் அவர் பெயர் இன்றும் அடிபடுகிறது. அதன் வேர்களில் ஒன்று கண்டி மண்ணில் இருக்கிறது.

பேராதனையின் முறை வந்தபோது துறை உண்மையில் துறையாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு இடம்மாறியது. மகாவலிக் கரையில், பழைய இராச்சியத்தின் நெஞ்சுப்பகுதியில், போர்த்துக்கேய மொழியும் ஒல்லாந்த மொழியும் படித்த இளம் ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள். கே. டபிள்யூ. குணவர்தன 1638 முதல் 1658 வரை ஒல்லாந்தர் காலூன்றிய கதையை எழுதினார். தொடர்ச்சியை 1687 வரை எழுதியவர் நாவாலியில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம். இரண்டு நூல்களும் 1958 இல் வெளிவந்தன. ரி. பி. எச். அபயசிங்க போர்த்துக்கேயர் பக்கத்தைப் பார்த்தார். இவர்களுடைய கோல் ஆவணம்: கடிதம், உடன்படிக்கை, சபைக் குறிப்பு, கணக்கேடு.

அந்தக் கோல் எவ்வளவு நுட்பமாக அளக்கும் என்பதற்கு 1638 ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றே போதும். அவ்வாண்டு மார்ச்சில் கன்னொறுவையில் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையைத் துடைத்தழித்தான். தளபதி தியோகு டி மெலோவும் அங்கே மடிந்தான். மே மாதம் ஒல்லாந்தக் கப்பற்படை மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது. அங்கேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றிய மூன்றாம் பிரிவில், மன்னன் விரும்பினால் என்ற நிபந்தனை மன்னனிடம் கொடுத்த போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தது. ஒல்லாந்தர் தம்மிடம் வைத்துக்கொண்ட படியில் அது இல்லை. பின்னர் காலியும் நீர்கொழும்பும் பிடிபட்டபோதும், 1656 இல் கொழும்பு வீழ்ந்து மன்னன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டபோதும் எழுந்த சச்சரவுகளின் முளை அங்கேதான் இருக்கிறது. தன் படியைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் மீறப்பட்டது என்று முறையிட்ட மன்னனை, நம்பத்தகாதவன், சினக்காரன் என்று ஒல்லாந்தக் கடிதங்கள் வரைந்தன. ஒரு பக்கத்து ஆவணத்தை மட்டும் படித்திருந்தால் நாமும் அப்படியே எழுதியிருப்போம். இரு படிகளையும் ஒப்பிட்டபோது மன்னனின் முறைப்பாட்டுக்கு எழுத்துச் சான்றே இருப்பது தெரிந்தது.

அரசரத்தினத்தின் பங்கு இன்னொரு திசையிலும் போகிறது. கண்டியை மலைக்குள் ஒடுங்கிய அரசாகப் பார்க்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. புத்தளம், கொட்டியாரம், மட்டக்களப்புத் துறைகள் வழியே தென்னிந்திய வணிகர்கள் துணி கொண்டுவந்து பாக்கு கொண்டுபோன போக்குவரத்தை அவர் 1960 இல் ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டினார். அந்தத் துறைகளை ஒல்லாந்தர் அடைத்தபோது இறுகியது அரசனின் கழுத்து. ஒல்லாந்தருடன் செய்த 1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதும் கைவிட்டுப் போனபின் கண்டிக்கு உப்பும் பிறர் தயவில் வர வேண்டியதாயிற்று. ஓர் அரசனின் திறமையை அரண்மனையில் மட்டும் தேடாமல் துறைமுகத்திலும் தேட வேண்டும் என்பது தமிழ் வணிகரின் சுவடுகளை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றியிருக்க வேண்டும்.

அரசின் உள்ளமைப்புக்கு ரால்ஃப் பீரிஸ் 1956 இல் வெளியிட்ட கண்டிக்காலச் சிங்களச் சமூக அமைப்பு பற்றிய நூலும், லோர்னா தேவராஜா 1972 இல் வெளியிட்ட ஆய்வும் இரு தூண்கள். தேவராஜாவின் நூல் 1707 முதல் 1760 வரை உள்ள காலத்தை எடுத்துக்கொண்டு, மன்னனும் ரதல பிரபுக்களும் ஒருவரையொருவர் எப்படித் தாங்கியும் தடுத்தும் வந்தார்கள் என்று காட்டுகிறது. ஒரு பெரும் பதவியை இரண்டாகப் பிரித்து இருவரிடம் கொடுப்பது, திசாவையை மாற்றுவது, பிரபுக் குடும்பங்களின் மணவுறவைக் கண்காணிப்பது ஆகியவை மன்னனின் கருவிகள். நிலத்தோடு பிணைந்த உறவுக்கூட்டமும் சங்கத்தோடு உள்ள தொடர்பும் பிரபுக்களின் கருவிகள். என் கணிப்பில் கண்டி ஆட்சிக்கலை பற்றிய மிக நேர்மையான நூல் இது. வீரம், துரோகம் என்ற சொற்களின் உதவி இல்லாமலே அரசியலை விளக்கிக் காட்டியது.

மானிடவியலாளர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். எச். எல். செனவிரத்ன கண்டி அரசின் சடங்குகளை 1978 இல் ஆராய்ந்தார். இலங்கைத் தமிழரான எஸ். ஜே. தம்பையா, சியாமை முதன்மையாக வைத்து 1976 இல் எழுதிய நூலில், நடுவிலுள்ள தலைநகரைச் சுற்றி அதே வடிவில் சிறிய மையங்கள் சுழலும் அரசமைப்பு என்ற கருத்தை முன்வைத்தார். பின்னர் கண்டியையும் அந்த ஒளியில் பார்த்தார். எல்லைப்புறத்துத் திசாவை தன் மாகாணத்தில் ஒரு சிறிய அரசனைப் போலவே நடந்துகொண்டது ஏன், அடிக்கடி கிளர்ச்சி எழுந்தும் அமைப்பு சிதறாமல் இருந்தது ஏன் என்பவை இதனால் விளங்குகின்றன. சடங்குக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடும் ஆபத்தும் இங்கே உண்டு. 1762 இல் சென்னையிலிருந்து வந்த தூதர் ஜோன் பைபஸ் கீர்த்தி ஸ்ரீயின் அவையில் கடிதத்தை வெள்ளித் தட்டில் வைத்துத் தலைக்கு மேலே ஏந்தியபடி மண்டியிட வைக்கப்பட்டார். அதைச் சடங்கு என்று மட்டும் படித்தால், ஒல்லாந்தருக்கு எதிராக ஆங்கிலேயரின் உதவியை எந்த விலையும் கொடுக்காமல் பெற முடியுமா என்று அந்த அவை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது தவறிப்போகும். மண்டியிட வைத்ததும் பேரம் பேசியதும் ஒரே அவையின் வேலைகள்.

ஜேம்ஸ் டங்கன் என்ற புவியியலாளர் 1990 இல் நகரத்தையே சுவடியாகப் படித்தார். கண்டி வாவிக் கரையில் நடப்பவர்கள் எல்லாரும் அந்த அலைவடிவச் சுவரைப் பார்த்திருப்பார்கள். வலாகுலு பெம்ம, முகிற்சுவர் என்று பெயர். மேல்விளிம்பு மேகம்போல் வளைந்து வளைந்து போகும். உடலில் விளக்கு வைக்கும் முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கும். விளக்கு ஏற்றினால் அரண்மனை மேகத்தின்மேல் மிதக்கும் தேவலோகம். இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வயலை மூழ்கடித்து வாவி வெட்டியதும் இந்திரனின் நகரை மண்ணில் அமைக்கும் முயற்சி என்பது டங்கனின் வாசிப்பு. விகாரையும் குளமும் கட்டும் அசோக வழி ஒன்று, இந்திர வழி மற்றொன்று. மன்னன் இரண்டாவதில் அளவுக்கு மேல் போனதால் அரசனுக்குச் செய்யும் கட்டாயப் பணியான இராஜகாரிய உழைப்பில் நொந்த குடிகளும் பொறாமைகொண்ட பிரபுக்களும் விலகினார்கள் என்கிறார் அவர். வாவியை அழகென்று மட்டும் பார்க்கும் நமக்கு, அதை வெட்டிய கைகளை நினைவூட்டியதற்காக இந்த நூலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி நாயக்கர் விவகாரம். நம்மவர் இத்துறைக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் இதுதான். அதிகம் வழுக்குவதும் இங்கேதான்.

கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் 1739 இல் இறந்தபோது, கண்டிப் பெண்ணொருத்தி வயிற்றில் பிறந்த உனம்புவ பண்டார என்ற மகன் இருந்தான். அரியணை அவனுக்குப் போகவில்லை. மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் தம்பி ஸ்ரீ விஜய இராஜசிங்கன் அரசனானான். சூரியகுல க்ஷத்திரியத் தாய் வயிற்றில் பிறக்காதவன் அரசனாக முடியாது என்ற விதி காரணம். தங்களுள் ஒரு குடும்பம் உயர்ந்துவிடாமல் இருப்பது பிரபுக்களுக்கும் வசதியாக இருந்தது. அதன்பின் 1815 வரை நான்கு நாயக்க மன்னர்கள். இவர்களைத் தமிழ் மன்னர்கள் என்று நம் மேடைகளில் கொண்டாடுவதும், அந்நியர்கள் என்று வேறு மேடைகளில் தூற்றுவதும் நடக்கின்றன. இரண்டும் ஒரே கோலின் இரு முனைகள்.

1760 ஆம் ஆண்டுச் சதியை எடுத்துக்கொள்வோம். கீர்த்தி ஸ்ரீ நெற்றியில் திருநீறு பூசுகிறான் என்ற குறை அப்போது சொல்லப்பட்டது. பிரதானிகள் சிலரும் சங்கத்தின் மூத்தவர்களும் சேர்ந்து அவனை நீக்கத் திட்டமிட்டார்கள். பௌத்த மறுமலர்ச்சியின் தலைவரான வெலிவிட்ட சரணங்கர தேரரும் அதில் தொடர்புபட்டார். நீக்கிவிட்டு யாரை வைப்பது? அவர்கள் தேர்ந்தது ஒரு சியாம இளவரசனை. கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவனை விலக்கி, அதைவிடத் தொலைவிலிருந்து வரும் ஒருவனை வைக்க முனைந்தார்கள் என்றால், அங்கே உரசியது பிறப்பிடம் என்று எப்படிச் சொல்வது? பௌத்த ஆசாரம் ஒரு கேள்வி. நாயக்க உறவினர் அரண்மனைக் கடைவாயிலில் பெற்றுவந்த செல்வாக்கு மற்றொரு கேள்வி. சதி தெரியவந்த பின் கீர்த்தி ஸ்ரீ சரணங்கரரை மன்னித்ததும், முன்னிலும் அதிகமாக விகாரைகளைப் புதுப்பித்ததும் அவனுடைய அரசியல் கூர்மையைக் காட்டுகின்றன. தெகல்தொருவைக் குகையின் சுவரோவியங்களை நின்று பார்ப்பவருக்கு, இந்த மன்னனின் பதில் வாளால் மட்டும் எழுதப்படவில்லை என்பது புரியும். ஜோன் ஹோல்ட் 1996 இல் இந்த மன்னனின் சமய உலகம் பற்றி எழுதிய நூல் இந்த ஓவியங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது.

1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி அவைமண்டபமான மகுல் மடுவையில் ஆங்கிலேயருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே கையொப்பமான உடன்படிக்கை, மலபார் என்று அழைக்கப்பட்ட நாயக்க வம்சத்தின் உரிமை ஒழிக்கப்பட்டதாகவும், மன்னனின் ஆண் உறவினர் நாட்டுக்குள் இருக்கக் கூடாதெனவும் விதித்தது. மன்னனின் இனம் அவனை நீக்குவதற்கான சட்டக் காரணமாக எழுத்தில் ஏறியது அங்கே. லெஸ்லி குணவர்தன, கடைசி நான்கு மன்னர்களின் இன அடையாளம் காலத்துக்குக் காலம் எப்படி மாற்றி எழுதப்பட்டது என்பதைத் தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார். மைக்கல் றொபேட்ஸ் 2004 இல் எதிர்த்திசையில் வாதிட்டார்: ஹட்டன பாடல்களும் வாய்மொழியும் சிங்கள உணர்வு காலனித்துவத்துக்கு முன்பே வலுவாக இருந்ததைக் காட்டுகின்றன என்றார். கணநாத் ஒபேசேகர 2017 இல், கொடுங்கோலன் என்ற ஸ்ரீ விக்கிரமனின் உருவம் டொய்லியின் உளவுப் பிரசாரத்தில் எவ்வளவு தூரம் வார்க்கப்பட்டது என்று கேட்டார். நான் இதில் குணவர்தனவுக்கு நெருங்கியும், றொபேட்ஸின் சான்றுகளைத் தள்ள முடியாமலும் நிற்கிறேன். உணர்வு இருந்தது, அது அரசுரிமையைத் தீர்மானிக்கும் விதியாக இருக்கவில்லை. விதியாக்கியது 1815.

உடன்படிக்கையில் பிரதானிகள் சிலர் தமிழ், கிரந்த எழுத்துகளில் ஒப்பமிட்டிருப்பதை நம்மவர் அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள். அது காட்டுவது அரசவைப் பிரபுக்களின் எழுத்துப் பயிற்சியை. அவர்களுடைய இனத்தை நிறுவ அது போதாது. இந்த எல்லையை நாமே கறாராகக் காப்பாற்றினால்தான், பிறர் எல்லை மீறும்போது கேட்க நமக்கு வாய் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கூத்து மேடைகளில் கண்டியரசன் கதை விடிய விடிய ஆடப்பட்டு, பிரதானி ஏஹெலபொலவின் குடும்பத்தை மன்னன் கொல்விக்கும் காட்சியில் அவை விம்மியது. மன்னன் தமிழ் பேசியவன் என்பதற்காக அந்த அவை அவனைக் காப்பாற்ற முனையவில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்; அதே வேளை, அக்காட்சி எந்தச் சான்றின் மீது நிற்கிறது என்று ஒபேசேகர கேட்ட கேள்வி கூத்தையும் விடாது.

இனிச் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. முதலில் லேகம் மிட்டிகள். அரசனின் லேகம்கள் எழுதிவைத்த நிலப் பதிவேடுகள் கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயர், பங்குதாரரின் பெயர், வயலின் பெயர், அமுணம், பேலை என்று விதைப்பாட்டுக் கணக்கில் பரப்பு, அதற்கு ஈடாகச் செய்ய வேண்டிய பணி: ஈட்டி ஏந்திப் படைக்குப் போவதா, காவடிச் சுமை தூக்குவதா, பண்டாரத்துக்கு எண்ணெய் கொடுப்பதா. மன்னனின் குணம் பற்றி இவற்றில் ஒரு வரியும் இல்லை. ஒரு பங்கை உழுதவன் செத்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால் பணி யார் தலையில் விழுந்தது என்பதை ஏடு ஏடாகத் தொடர்ந்து பார்த்தால், வாவி வெட்டிய காலத்தில் சுமை உண்மையில் எவ்வளவு ஏறியது என்பதை ஊர்வாரியாகச் சொல்ல முடியும். கொடுங்கோலா இல்லையா என்ற வாதத்துக்கு அது நிலத்தில் நின்று பேசும் விடை. 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபின்னும் விகாரை, தேவாலய நிலங்களில் தொடர்ந்த பணிகள் 1870 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவாயின. அவற்றையும் முன்னைய ஏடுகளையும் இணைத்துப் படிக்கலாம்.

சன்னஸ் என்னும் அரச சாசனங்களில் எச்சரிக்கை தேவை. செப்பேட்டின் தலைப்பில் ஸ்ரீ என்ற அரச முத்திரையெழுத்து, சக ஆண்டுக் கணக்கு, கொடையாளி, நான்கெல்லை என்று வரும் அமைப்பை யாரும் பார்த்து எழுதிவிடலாம். ஆங்கிலேயர் நில உரிமைக்கு எழுத்துச் சான்று கேட்கத் தொடங்கியபின் போலிகள் பெருகின. எழுத்தமைதி, நாள் பொருத்தம், அந்த ஆண்டில் அந்தத் திசாவை பதவியில் இருந்தானா என்ற மூன்றையும் பார்க்காமல் ஒரு சன்னஸை மேற்கோள் காட்டுவது இத்துறையில் பொறுக்கக் கூடாத பிழை.

மலையகத்திலும் கண்டியிலும் தமிழில் வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த ஆவணங்களுக்கு ஒரு மணிநேரத் தொலைவில் அல்லது ஓர் இரயில் பயணத் தொலைவில் இருக்கிறார்கள். சிங்களச் சுவடி எழுத்தை வாசிக்கக் கற்பது ஒரு தமிழ் மாணவருக்கு ஒல்லாந்தத்தைவிட எளிது; இரண்டையும் கற்றால் இன்னும் நல்லது. தமிழகத்து நாயக்கர் காலத்தைப் பற்றி வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 1992 இல் தந்த ஆய்வு, கொடையும் நுகர்வுமே அரசாட்சியின் மொழியாக மாறியதைக் காட்டியது. கண்டி நாயக்கர் அந்த மொழியை எவ்வளவு கொண்டுவந்தார்கள், எவ்வளவு பௌத்த மரபுக்குள் கரைத்தார்கள் என்று இரு கரைகளையும் அறிந்த ஒருவர்தான் எழுத முடியும்.

அவருக்கு ஆவணமும் காத்திருக்கிறது. 1815 பெப்ரவரியில் மெதமஹநுவரவில் பிடிபட்ட ஸ்ரீ விக்கிரமன் மறு ஆண்டு கடல் கடத்தப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டான். 1832 ஜனவரி 30 இல் அங்கேயே இறந்தான். உறவினர் பலர் தமிழகத்தில் இலங்கை அரசாங்கம் கொடுத்த உதவிப்பணத்தில் வாழ்ந்தார்கள். காவல் பொறுப்பு சென்னை மாகாண அரசிடம் இருந்தது. அந்த அரசின் ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. யார் யார் மன்னனின் உறவினராகக் கணக்கிடப்பட்டார்கள், எந்த உறவுமுறையைச் சொல்லி உதவிப்பணம் கோரினார்கள் என்று அங்கே தேடினால், 1739 இல் கண்டி அரியணைக்குத் தகுதி தந்த உறவுமுறை எது என்பதற்கும் வழி திறக்கலாம்.